ஒரே உடம்பில் இரண்டு வருத்தம்: இதயப் பலவீனமும் சீனியும் சேர்ந்து வந்தவர்களுக்கு

சீனி ஏறினால் தாகம் எடுக்கும். இதயம் பலவீனமானவருக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பார்கள். சீனி வருத்தத்துக்கு நன்றாக நடக்கச் சொல்வார்கள்; இதயத்துக்கு, மூச்சு வாங்கினால் நின்றுவிடச் சொல்வார்கள். ஒன்றுக்குக் கேட்ட புத்திமதி மற்றதற்கு ஒத்துவருமா என்று தெரியாமல் ஆட்கள் திணறுவது இங்கேதான். இரண்டும் உள்ளவர்கள் எதைச் செய்யும்போதும், எதைச் சாப்பிடும்போதும், எந்தக் குளிசையைப் போடும்போதும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது சீனிக்குச் சரியா? இதயத்துக்கும் சரியா?

நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சீனி வருத்தம் பல வருசமாக உண்டு. பிறகு ஹார்ட் அட்டாக் வந்து, இதயம் இரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்துபோனது. இந்த இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. சீனி இரத்தக் குழாய்களையும் இதயத் தசையையும் கெடுக்கிறது. கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு இதே இரட்டை வருத்தம்தான். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவையும் தண்ணீரின் அளவையும் உங்கள் டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தராசும் கொப்பியும்

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, தேத்தண்ணி குடிப்பதற்கு முன், இலேசான உடுப்போடு தராசில் ஏறுங்கள். தினமும். தராசு கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும். பழைய லயங்களில் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆடாத பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் வையுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். எடையைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். 3 நாளைக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சாப்பாட்டினால் வந்த எடை இல்லை, உடம்பில் தேங்கிய நீர். மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே தராசில் அது தெரிந்துவிடும். அந்தச் சில நாள் அவகாசத்தில் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னால் நீர் போகும் குளிசையைக் கூட்டிக் கொடுத்துச் சரிப்படுத்திவிடுவார்கள். விட்டால் வார்டில் படுக்க நேரிடும்.

வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, வீக்கம் வடிந்த பிறகு உங்கள் எடை எவ்வளவு என்று மிஸ்ஸிடம் (தாதியிடம்) கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். தினமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்த எண்ணோடுதான். தராசு வாங்க ஒரு வீட்டால் முடியாவிட்டால் லயத்தில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

சீனி உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது உடம்பு மெலியும். ஒருபக்கம் சதை கரைய, மறுபக்கம் நீர் சேர, எடை அசையாமல் நிற்கலாம். அதனால் தராசை மட்டும் நம்பாதீர்கள். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின்மேல் பெருவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் நீர் இருக்கிறது. நேற்று ஒரு தலையணையோடு படுத்தவருக்கு இன்று இரண்டு தேவைப்படுகிறதா? பாவாடை நாடா இடுப்பில் இறுகுகிறதா? நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழும்பி உட்கார வேண்டியிருக்கிறதா? எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். சீனி அளவு, பிரசர், எடை, வீக்கம் எல்லாம் ஒரே பக்கத்தில் வர வேண்டும். சீனிக்கு ஒரு கொப்பி, இதயத்துக்கு ஒரு கொப்பி என்று பிரித்து வைத்தால் டொக்டருக்கும் பாதி விஷயம்தான் தெரியும்.

தாகம் எடுத்தால்

எங்கள் வீட்டில் மருமகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். நான் கணக்குக்கு மேலே தண்ணீர் கேட்டால் செம்பைத் தருவதற்கு முன், "மாமி, மொதல்ல சீனியப் பாத்துருவோம்" என்று மெஷினை எடுத்து வந்துவிடுவாள். அவள் செய்வது மிகச் சரி. சீனி 250, 300 என்று ஏறியிருந்தால் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காது. குடித்ததில் ஒரு பங்கு கால்களிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். அப்போது தாகத்துக்கு மருந்து தண்ணீரில் இல்லை, சீனியைக் குறைப்பதில் இருக்கிறது. சீனி சரியாக இருந்தும் வாய் வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், தேசிக்காய்த் துண்டு ஒன்றைச் சப்புங்கள்.

எல்லோருக்கும் தண்ணீர்க் கட்டுப்பாடு தேவையில்லை. வருத்தம் கடுமையாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 1.5 லீட்டரிலிருந்து 2 லீட்டர் வரை என்று சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவில் தேத்தண்ணி, கஞ்சி, சூப், ரசம் எல்லாம் அடக்கம். மலைநாட்டில் ஆள் தவறுவது தேத்தண்ணியில்தான். குளிருக்கு ஒன்று, வீட்டுக்கு ஆள் வந்தால் ஒன்று, மழை பெய்தால் ஒன்று. இதற்கு ஒரு வழி: காலையில் உங்கள் கணக்கு அளவுக்குப் போத்தலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணியோ கஞ்சியோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து எடுத்துவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கோப்பையும் சின்னதாக இருக்கட்டும்.

பிளேன்டிக்குச் சீனி போடாமல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கித்துள் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டத்தான் செய்யும்.

உப்பும் ரொட்டியும்

உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். உலக சுகாதார நிறுவனம் சாதாரண ஆட்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குள் என்று சொல்கிறது. நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். காலையில் உப்புப் போட்ட கோதுமை மா ரொட்டி, அதற்குக் கட்டச் சம்பல், மத்தியானம் கருவாடோ நெத்தலியோ, பின்னேரம் பாண். உப்புப் போத்தலைத் தொடாமலே அளவு தாண்டிவிடும். பாணிலும் கிரீம் கிரெக்கரிலும் உப்பு இருக்கிறது; நாக்குக்குத் தெரிவதில்லை. சூப் கட்டி, அப்பளம், ஊறுகாய், மிக்சர், சோயாமீட் பைக்கற்றுக்குள் வரும் மசாலாத் தூள் எல்லாம் இதே கூட்டம்தான். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் கொஞ்சம் உப்புப் போகும், முழுதாகப் போகாது.

வீட்டில் எல்லோரும் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்றால் அது நாலு நாளைக்குத்தான் நடக்கும். இப்படிச் செய்யுங்கள்: கறி வெந்ததும், உப்புப் போடும் முன், வருத்தக்காரருக்கு உரியதைத் தனிச் சட்டியில் எடுத்துவிடுங்கள். அதில் மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, கடைசியில் தேசிக்காய்ப் புளி. ரம்பையும் கறுவாப்பட்டையும் வாசனையைத் தூக்கும். நாக்கு பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். பழகிய பிறகு கடைச் சாப்பாடுதான் உப்பாகத் தெரியும்.

கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" என்பதை நீங்களாக வாங்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரொனொலாக்டோன், எனலாப்ரில், லொசார்ட்டன் போன்றவற்றை இதயத்துக்காகப் போடுபவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடக்கூடும். சீனியால் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இன்னும் கூடும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு.

ரொட்டியை முற்றாக விடச் சொல்லி எந்தத் தோட்டத்து ஆளுக்கும் நான் சொல்ல மாட்டேன். கனத்தைக் குறைத்து, உப்பைக் குறைத்து, தேங்காய்ப்பூவையும் குறைத்து, கோதுமை மாவோடு குரக்கன் மா கலந்து, மூன்று தின்ற இடத்தில் ஒன்றோடு நிறுத்துங்கள். பக்கத்தில் பருப்பும் கீரையும் தாராளமாக இருக்கட்டும். சோறு என்றால் சிவப்பரிசி; சாப்பாட்டுத் தட்டில் பாதி இடத்தை போஞ்சி, கோவா, லீக்ஸ் பிடிக்க வேண்டும். நம்மூர் மரக்கறிக்கு நாம் குறை சொல்ல முடியாது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும்.

காரணமில்லாமல் வேர்த்தால்

இதை வீட்டில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

இதயத்துக்குக் கொடுக்கும் கார்வெடிலோல், பைசொப்ரொலோல், மெட்டொப்ரொலோல் போன்ற குளிசைகள் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கிவிடும். சீனி இறங்குவதை நமக்கு உணர்த்துவதும் அதே படபடப்பும் நடுக்கமும்தான். அவை மறைந்துபோனாலும் வேர்வை பெரும்பாலும் மறைவதில்லை. நம்முடைய குளிரில், சும்மா இருக்கும்போது நெற்றியும் கழுத்தும் வேர்த்தால், பேச்சுத் தடுமாறினால், ஆள் எரிச்சலோடு ஏதோ மாதிரி நடந்துகொண்டால் உடனே சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பெரிய போத்தல் சோடா தேவையில்லை. அந்தச் சிறிய அளவு சீனிக்கும் போதும், இதயத்துக்கும் பாரமில்லை. 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் திரும்பக் கொடுங்கள். சரியானதும் சாப்பாடு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அம்புலன்ஸை அழையுங்கள். மெஷின் இல்லாத வீட்டில் சந்தேகம் வந்தால் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுவதே நல்லது.

மெஷினில் சீனி சரியாக இருந்தும் வேர்வை நிற்கவில்லை என்றால்? சீனி வருத்தம் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போவதால் நெஞ்சுவலி இல்லாமலே ஹார்ட் அட்டாக் வரலாம். வேர்வை, மூச்சுத் திணறல், வாந்தி வருவது போன்ற குமட்டல், திடீர்ச் சோர்வு, இவை மட்டும்தான் தெரியும். "வாய்வு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள், உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

குளிசைகள்

எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் என்ற இரண்டும் சீனிக்காக வந்த மருந்துகள். 2019இல் வெளிவந்த டாபா-எச்எப் ஆய்வு, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு, சீனி வருத்தம் இல்லாவிட்டாலும்கூட, டாபாகிளிப்ளோசின் நன்மை செய்கிறது என்று காட்டியது. இரண்டு வருத்தத்துக்கும் ஒரே குளிசை உதவுவது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். உங்கள் சிட்டையில் இல்லாவிட்டால் எனக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. இவை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுவதால் மறைவிடத்தில் பூஞ்சைப் புண்ணும் அரிப்பும் வரலாம். தினமும் கழுவித் துடைத்து உலர வையுங்கள். அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

மறுபக்கம், சீனிக்கு நல்லதாக இருந்தும் இதயத்துக்கு ஆகாதவை உண்டு. பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும். சாக்சகிளிப்டினும் இதயப் பலவீனம் உள்ளவர்களுக்குத் தவிர்க்கப்படுகிறது. இந்தப் பெயர்கள் உங்கள் பையில் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். டவுனில் தனியார் டொக்டரிடம் போனாலும், பார்மசியில் மருந்து வாங்கினாலும் முதல் வார்த்தை, "எனக்கு ஹார்ட் ஃபெயிலியரும் இருக்கு, சீனியும் இருக்கு" என்பதாக இருக்கட்டும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது வலிக் குளிசைக்குத்தான். காலமெல்லாம் கூடையோடு மலையேறி இறங்கிய முழங்கால்; வலிக்காமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு அக்கா அன்போடுதான் நீட்டுவார்: "டீச்சரம்மா, முட்டிக்கு இது நல்லாக் கேக்குது, ரெண்டு போட்டுப் பாருங்க." டைக்ளோபெனாக்கும் இபுபுரூபனும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் தாக்கும். சீனியால் ஏற்கெனவே பாரம் சுமக்கும் சிறுநீரகம் அது. வலிக்குப் பரசிட்டமோல் போதும், அதுவும் தண்ணீரில் கரைந்து நுரைக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். நாட்டுக் கசாயம் குடிப்பவர்கள் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து குடித்தால் பிரசரையும் வீக்கத்தையும் கூட்டும். பாகற்காய்ச் சாறு சீனிக் குளிசையோடு சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கலாம்.

வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள் அல்லது போங்கள். நீர் போகும் குளிசை, மெட்போர்மின், மேலே சொன்ன கிளிப்ளோசின் வகை, இவற்றைக் குணமாகும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நல்ல உடம்பாக இருக்கும்போதே கேட்டுக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலினை மட்டும், சாப்பிடவில்லை என்பதற்காக முற்றாக நிறுத்திவிடக் கூடாது; அளவை டொக்டர் சொல்லட்டும்.

கால்

குளிர் காலத்தில் நாம் எல்லோரும் அடுப்படியில் போய்க் கால் காய்கிறோம். சீனியால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகு மறுநாள் கொப்புளமாகத்தான் தெரியவரும். வீங்கிய காலில் புண் ஆறவும் பிந்தும். அடுப்புக்குக் கிட்ட போகாதீர்கள், சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைக்காதீர்கள். இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும். விறகுப் புகையும் இதயத்துக்குக் கேடு. சமைக்கும்போது கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள்.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெதுவாக ஓரத்தைத் தள்ளி எடுங்கள். சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். அஸ்பிரினோ குளோபிடோகிரலோ போடுபவர்களுக்கு இரத்தம் நிற்க நேரமெடுக்கும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கடிவாயைச் சொறியக் கூடாது. சிவந்து, சூடாகி, நீர் வடிந்தால் அன்றே காட்டுங்கள். இரவில் விரலிடுக்குகளைத் துடைத்து, கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலில் எண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம். முற்றத்துக்குப் போனாலும் செருப்பு.

நடை நல்லது. ஆனால் நம்மூரில் சமதரையே அபூர்வம். பள்ளத்தில் இறங்கினால் ஏறித்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஆகவே சரிவில்லாத றோட்டுத் துண்டு ஒன்றைத் தெரிவு செய்து, பனி விலகிய பிறகு, சாப்பிட்ட உடனே இல்லாமல் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுந்தால் நில்லுங்கள். மடியில் ஒரு டொபி இருக்கட்டும். சிவனொளிபாதமலைக்கு ஏற ஆசைப்படுபவர்கள் டொக்டரைக் கேட்காமல், மலையேற்றம் தொடங்கும் நல்லதண்ணிப் பக்கம் போக வேண்டாம்.

கிளினிக் நாள்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் சீனிக் குளிசையையோ காலை இன்சுலினையோ போட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். மேல் டிவிசனிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, இரத்தம் கொடுக்கும்வரை சாப்பாடு இல்லை. வழியிலேயே சீனி இறங்கிவிடும். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்ததும் மருந்தைப் போட்டுச் சாப்பிடுங்கள். இதயக் குளிசைகளைப் பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம், ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

நீர் போகும் குளிசை போட்டால் வழியில் மலசலகூடம் தேட வேண்டும் என்று பயந்து அன்று முழுக்க அதை விட்டுவிடுபவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம். விடத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்னேரத்துக்கு முன் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். இரவில் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும், இருட்டில் எழும்பி விழ நேரிடும்.

அவசரத்துக்கு

படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தால், நெஞ்சு இறுகினால், மயங்கினால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தோட்டத்து உள்பாதை மோசமாக இருந்தால் வண்டி எந்த இடம்வரை வர முடியும் என்பதை இன்றே பார்த்து வையுங்கள். கோயிலடி, பாலத்தடி, ஃபெக்டரி வாசல் என்று அடையாளம் சொல்லப் பழகுங்கள். பக்கத்து ஆட்டோக்காரரின் நம்பரைக் கதவில் ஒட்டுங்கள்.

வண்டி நிற்கும் இடம்வரை ஆளை நடக்க விடக் கூடாது. மூச்சு முட்டுபவரைக் கம்பளியில் மல்லாக்கக் கிடத்தியும் தூக்கக் கூடாது. படுத்தால் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு இன்னும் முட்டும். கைபிடி உள்ள கதிரையில் கால் தொங்க நிமிர்ந்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்குங்கள். கொப்பியும் குளிசைப் பையும் கூடவே போகட்டும். வண்டியில் வருபவர்களிடம் இதயப் பலவீனம், சீனி இரண்டையும் சொல்லுங்கள், கடைசியாகப் பார்த்த சீனி அளவையும் இன்று காலை எடையையும் சொல்லுங்கள்.